சாணைக்கல்லின் ஈரம்

சாலவாக்கத்தை அடுத்த சிற்றூரில் நர்ஸ் சுலோச்சனாவிடம் இருந்தவை ஐந்தே ஊசிகள். காலையில் அவற்றை வேகவைக்கும் முன் ஒவ்வொரு முனையையும் பஞ்சில் இழுத்துப் பார்ப்பாள். இழை சிக்கினால் முனை மழுங்கிவிட்டது, சாணைக்கல்லில் தீட்ட வேண்டும். எழுபத்தொன்பதாம் வருஷம் ஆடி மாதத்திலிருந்து ஓர் இழையும் சிக்கவில்லை. இரவெல்லாம் பூட்டிக் கிடந்த அறையில் சாணைக்கல் மட்டும் தினமும் ஈரமாக இருந்தது.

ஊசி என்றால் ஓடி ஒளிந்தவர்கள் பிள்ளைகளோடு வந்து நின்றார்கள்.

"எறும்பு கடிச்ச மாதிரி கூட இல்ல நர்சம்மா. புள்ள தூங்கிக்கினு கீது பாரு," என்றாள் கூலிவேலைக்குப் போகும் செங்கேணி. "ராசியான கை உனக்கு."

அவள் போனதும் சுலோச்சனா கல்லைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

ஐப்பசி மழையில் பஸ் நின்றுபோன அன்று அவளுக்கே உடம்பு அனலாகக் கொதித்தது. ஊசி போட ஆளில்லை. மருந்தை மேஜையில் எடுத்து வைத்தவள், முடியாமல் கதவை உள்ளே தாழிட்டு அங்கேயே படுத்துவிட்டாள்.

மாலையில் விழித்தபோது வேர்த்துக் காய்ச்சல் விட்டிருந்தது. தாழ்ப்பாள் போட்டபடியே இருந்தது. ஊசிப் பாத்திரத்தில் தண்ணீர் இன்னும் சுட்டது. அவளுடைய இடது கையில் ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சு ஒட்டியிருந்தது.

குத்தியது தெரியவே இல்லை.

"ராசியான கைங்க உங்களுக்கு," என்றாள், ஈரக் கல்லைப் பார்த்து.