கொடிக் கயிறு

ஆழ்துளைக் கிணற்றின் வாய்க்குள், ஒரு முழத்துக்குக் கீழே, இறுகிப்போன பித்தளை இணைப்பு அசைய மறுக்கிறது. அடியில் கெட்டுக் கிடக்கும் மோட்டாரைக் குழாயோடு தாங்கிக்கொண்டிருப்பது அதுதான். மெக்கானிக் நீண்ட இரும்புக் கம்பியை அதில் முடுக்கி, கால்களை அகல ஊன்றி, மூச்சைப் பிடித்து இழுக்கிறார்.

“கை நழுவிட்டா?” என்கிறார் கணவர்.

“பயப்படாதீங்க சார். மோட்டார்ல கட்டின கயிறு தாங்கிக்கும்.”

விளிம்பில் முடிந்திருக்கும் அந்த நீலக் கயிறு இருட்டுக்குள் இறங்குவதை அருகில் நிற்கும் மனைவி பார்க்கிறாள். உள்ளே அது சாண் நீளம்கூட இல்லை என்பது அவளுக்கு மட்டும்தான் தெரியும். போன மழைக்காலத்தில், சும்மாதானே தொங்குகிறது என்று மேலே இழுத்து, வேண்டிய அளவுக்கு அறுத்தாள். மீதி சரசரவென்று உள்ளே போய்விட்டது. மூடியைப் போட்டவள் வாயையும் மூடிக்கொண்டாள். அறுத்த துண்டு இதோ முற்றத்தின் குறுக்கே ஆடுகிறது, அவர் சட்டைகளைச் சுமந்துகொண்டு.

“என்னங்க...” கொடியைக் காட்டுகிறாள். “அந்தக் கயிறு...”

“துணியை அப்புறம் எடுக்கலாம். தள்ளி நில்லு.”

மண்ணுக்கடியில் டக்கென்று இணைப்பு விடுபடுகிறது; மோட்டாரின் பாரம் முழுவதும் கம்பிக்கு வருகிறது. மெக்கானிக் சிரித்தபடி, உள்ளங்கை வியர்வையைத் துடைத்துக்கொள்ளக் கம்பியை விடுகிறார்.