எலிகளின் சம்மதம்

"மேடம், என் வேலை போச்சு! கூண்டை மாத்திட்டேன் போலிருக்கு!"

எலி அறையைப் பார்த்துக்கொள்ளும் கூண்டுக்காரர் ஆய்வுக்கூடத்துக்குள் அலறியடித்துக்கொண்டு ஓடி வந்தார். ஆராய்ச்சியாளர் நுண்ணோக்கியிலிருந்து தலையை எடுக்கவே இல்லை. வேலையில் மூழ்கிவிட்டால் அவள் அப்படித்தான், பக்கத்தில் இடி விழுந்தாலும் தெரியாது. அவர் சுற்றிக்கொண்டு எதிரே போய், முகமூடியைத் தாடைக்குக் கீழே இறக்கி, மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார்.

"என்னண்ணா, பேயறைஞ்ச மாதிரி நிக்கிறீங்க?"

"மீசை, மகாராணியோட குட்டிங்க இருக்குல்ல? தண்ணி பாட்டிலைக் கை தவறிக் கீழே போட்டுட்டேன். அத்தனை குட்டியும் துள்ளிக் குதிக்குது மேடம்!"

அவள் எழுந்த வேகத்தில் நாற்காலி தடாலென்று பின்னால் விழுந்தது. அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

மீசையும் மகாராணியும் கூண்டுக்காரர் வைத்த பெயர்கள். இரண்டுமே பிறவியிலேயே காது கேட்காத எலிகள். உள்காதில் ஒலியை வாங்கும் நுண்மயிர்கள் சரியாக வளராத பரம்பரை. தேடிப்பிடித்து இரண்டையும் ஒரே கூண்டில் விட்டவள் அவள்தான்.

"அப்பனுக்கும் கேக்காது, அம்மாவுக்கும் கேக்காது. குட்டிக்கு மட்டும் எப்படி மேடம் கேக்கும்? கூண்டு கழுவுனப்போ, காது கேக்குற வேற ஆண் எலியை இதுக்குள்ள விட்டிருப்பேன். புத்தி எங்க போச்சோ எனக்கு!"

"புலம்பாதீங்க, வாங்க."

எலி அறையில் அவள் ஒரு குட்டியைப் பஞ்சு மெத்தை போன்ற ஸ்பாஞ்சின் மேல் வைத்தாள். மேசை அதிர்ந்து குட்டி குதித்தால் அது கணக்கில் வராது. சத்தம் எழுப்பும் பெட்டியின் பொத்தானை அழுத்தினாள். சிவப்பு விளக்கு மின்னியது. பட்டாசு வெடித்தது போன்ற அந்தச் சத்தத்தில் கூண்டுக்காரருக்கே தூக்கிவாரிப் போட்டது. அவளுக்கு இமைகூட அசையவில்லை. குட்டியின் காது மடல் வெடுக்கென்று பின்னால் மடங்குவதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பாத்தீங்களா? பாத்தீங்களா?"

அவள் எப்போதுமே கொஞ்சம் சத்தமாகத்தான் பேசுவாள். அன்று கூரையே பிய்த்துக்கொண்டு போகும் போலிருந்தது.

அடுத்த குட்டி. அதற்கும் கேட்டது. அதற்கடுத்ததற்கும் கேட்டது. கடைசியில் மீசையை வைத்தாள். அந்த மகானுபாவர் வெடிச்சத்தத்தைச் சட்டை செய்யாமல் மீசையை நீவிக்கொண்டிருந்தார். மகாராணியும் கண்டுகொள்ளவில்லை.

"குட்டிங்க வால் நுனியில கொஞ்சம் எடுங்க. அப்பன் யாருன்னு மரபணு சொல்லிடும்."

மாலை வரை சோதனை இயந்திரம் ஓடியது. அவள் இருப்புக்கொள்ளாமல் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள். பார்க்கப் பொறுக்காமல் கூண்டுக்காரர் அவளுக்கு எதிரே ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"எதிர்க் கட்டடத்து சார் பாவம் மேடம். இன்னும் எத்தனை நாள் அவரைக் காக்க வைப்பீங்க?"

ஜன்னலுக்கு வெளியே, தெருவுக்கு அந்தப்புறம், மூக்குக் கண்ணாடிகள் பழுது பார்க்கும் அறையில் ஒருவன் குனிந்து வேலை செய்துகொண்டிருந்தான். 'லென்ஸ்' என்றால்தான் எல்லோருக்கும் தெரியும். கல்யாணம் பண்ணிக்கொள்ளலாமா என்று அவன் கேட்டு எத்தனையோ மாதமாகிவிட்டது.

"இந்தக் குட்டிங்க முடிவு வரட்டும்னு அவர்கிட்ட சொல்லியிருக்கேனே."

"நல்லாயிருக்கு! கல்யாணத்துக்கு எலிகிட்டயா சம்மதம் கேப்பாங்க? ஆராய்ச்சிப் பைத்தியம்னு உங்க அம்மாவே தலையில அடிச்சுக்கிறாங்க."

"எலி வேண்டாம்னா வேண்டாம்தான்ணா."

சிரிப்பாள் என்று பார்த்தார். அவள் சிரிக்கவில்லை. அவ்வளவு ஆசையை மனதில் வைத்துக்கொண்டு இந்தப் பெண் ஏன் இப்படிப் பயப்படுகிறாள் என்று அவருக்குப் பாவமாக இருந்தது.

திரையில் முடிவு வந்தது. அவள் ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படித்தாள். பிறகு கூண்டுக்காரரின் இரண்டு தோள்களையும் பிடித்து உலுக்கினாள்.

"நீங்க எதையும் மாத்தலைண்ணா! அப்பன் மீசையேதான்!"

"அப்போ குட்டிக்கு எப்படி...?"

"மீசைக்கு ஒரு ஜீன்ல கோளாறு, மகாராணிக்கு வேற ஜீன்ல. இவன்கிட்ட கெட்டுப்போனது அவகிட்ட நல்லா இருக்கு, அவகிட்ட கெட்டுப்போனது இவன்கிட்ட நல்லா இருக்கு. ஆனா ரெண்டு ஜீனுக்கும் ஒரே வேலை, காதுக்குள்ள அந்த நுண்மயிரை வளர்க்கிறது. நல்லது ரெண்டுலயும் குட்டிக்குப் பாதிப் பாதிதான் கிடைக்கும், அது போதுமான்னுதான் எனக்குப் பயம். போதும்ணா! தாராளமாப் போதும்!"

"அப்பாடா, என் வேலை தப்பிச்சுது!"

அவர் நெற்றி வியர்வையைத் துடைப்பதற்குள் அவள் ஜன்னலருகே போயிருந்தாள். அறை விளக்கை அணைத்தாள், போட்டாள். மறுபடி அணைத்தாள், போட்டாள். எதிர்க் கட்டடத்தில் லென்ஸ் நிமிர்ந்து பார்த்து, ஜன்னலுக்கு ஓடி வந்தான்.

அவளுடைய கைகள் காற்றில் பறந்தன. கூடவே இருந்து பழகியதில் அந்தக் கைகளைப் படிக்கக் கூண்டுக்காரருக்கும் தெரியும்.

'மகாராணியோட கோளாறுதான் எனக்கும். மீசையோட கோளாறுதான் உனக்கும். நம்ம குழந்தைக்குக் காது கேக்கும்டா! எனக்குச் சம்மதம்!'

லென்ஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டான். பிறகு சிரித்தபடி அவனும் கைகளைத் தூக்கினான்.

'எல்லாம் சரி. ராத்திரியில அது அழுதா, நம்ம ரெண்டு பேர்ல யாருக்குக் கேக்கும்?'