சிவப்புக் கோடு

எதிர்வீட்டு அண்ணன் ரிமோட்டை இரண்டு கைகளாலும் பிடித்திருக்கிறார், சர்வீஸ் போடப் போகிற பந்தைப் போல.

டிவியில் ஜப்பான்காரக் கார்ட்டூன். வாலிபால் ஆடும் பெண்களாம். ஆடினால்தானே. ஒருத்தி அழுகிறாள். ஒருத்தி ரயிலைத் தவறவிடுகிறாள். இன்னொருத்தி மழையைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாள்.

எனக்கென்ன. நான் துணி உலர்த்தத்தான் வந்தேன். ரயில்வே குடியிருப்பில் எதிர்வீட்டு ஜன்னல் கொடிக்கு அந்தப் பக்கமே இருந்தால் நான் கண்ணை மூடிக்கொண்டா உலர்த்த முடியும்?

ஆனாலும் ஒரு கிண்ணம் மீன்குழம்போடு போய்க் கேட்டுவிட்டேன்.

"என்னண்ணே, ரிட்டயர் ஆனதும் பொம்மைப் படமா?"

"நீ வேற. இத்தினி பாகம் ஓடிருச்சு, ஒரு பாயிண்ட்டு எடுக்கலம்மா. உக்காந்து பேசிக்கினே கெடக்குதுங்க. இத எவன் பாப்பான்?"

எவனும் பார்க்கவில்லை போல. பார்ப்பவள் ஒருத்திதான். அவர் மகள் மெர்லின். கோயம்புத்தூரில் வேலை, ஹாஸ்டல் வாசம்.

அப்பாவின் நம்பரை அவள் பிளாக் செய்து வைத்திருக்கிறாள். கிறிஸ்துமஸுக்கும் வரவில்லை. அவளுக்காக வாங்கிய கேக் எங்கள் வீட்டுக்கு வந்தது.

காரணம் இந்தக் குடியிருப்புக்கே தெரியும். அவளுக்குக் கோச் அப்பாதான். இறுதி ஆட்டத்தில் கடைசி சர்வீஸை வெளியே அடித்துவிட்டாள். எல்லோரும் வீட்டுக்குப் போன பிறகு அவளைத் தனியாக நிறுத்தி, மைதானத்து விளக்கை அணைக்கும்வரை சர்வீஸ் போட வைத்தார்.

மணிக்கட்டு வீங்கியிருந்தது மறுநாள் ஆஸ்பத்திரியில்தான் அவருக்குத் தெரிந்தது.

அதற்குப் பிறகு அவள் பந்தைத் தொடவில்லை.

வீட்டு டிவியில், படம் பார்க்கிற ஆப்பில், அவளுடைய கணக்கு மட்டும் தங்கிவிட்டது. அவள் அங்கே ஹாஸ்டலில் பார்த்தால், இங்கே படத்துக்கு அடியில், எதுவரை பார்த்தாள் என்று காட்டும் சிவப்புக் கோடு கொஞ்சம் நீளும்.

கோடு நீண்டிருந்தால், பெண் வேலை விட்டு வந்திருக்கிறாள். சாப்பிட்டிருக்கிறாள். சாய்ந்திருக்கிறாள்.

அவருக்கு வேறு தகவல் கிடையாது.

அவள் நிறுத்திய இடம் வரைக்கும்தான் பார்ப்பார். அதே இடத்தில் டக்கென்று நிறுத்துவார். தாண்டினால் கோடும் தாண்டும்.

"தெரிஞ்சா பாஸ்வேர்ட மாத்திருவாம்மா."

செவ்வாய்க்கிழமை தாண்டிவிட்டார்.

ஒருவழியாக அந்தப் படத்தில் ஒரு மேட்ச் வந்தது. பழைய ஆட்டக்காரர் இல்லையா. "பிளாக் போடு, பிளாக் போடு!" என்று கத்தியது என் அடுப்படி வரை கேட்டது. அவள் நிறுத்திய இடம் போய், மேட்ச் முடிந்து, அடுத்த பாகமும் ஓட ஆரம்பித்திருந்தது.

பின்னால் ஓட்ட ரிமோட்டைத் தேடினார்.

கரண்ட் போனது.

டிரான்ஸ்ஃபார்மர் வெடித்ததாம். மறுநாள் காலைதான் வந்தது. அதுவரை அவர் இருட்டு டிவிக்கு எதிரே உட்கார்ந்திருந்தார்.

கோடு அவர் விட்ட இடத்தில் இல்லை.

ராத்திரியோடு ராத்திரியாக அவள் பின்னால் நகர்த்தியிருந்தாள். எப்போதோ பார்த்து முடித்த ஒரு பாகத்துக்கு.

அழுத்தினார். வெறிச்சோடிய மைதானம். கையில் பந்தோடு ஒரு பெண், தனியாக. ஓரத்தில் கைகட்டிக்கொண்டு கோச்.

போன தடவை இந்த இடம் வந்தபோது, படத்தை ஓடவிட்டுவிட்டுக் காபி போட எழுந்து போனார். நான் பார்த்தேன்.

இந்தத் தடவை எழுந்திருக்கவில்லை.

அந்தப் பெண் அடிக்கிறாள். அடிக்கிறாள். அடிக்கிறாள். கடைசியில் கோச் கையை இறக்கிவிட்டு, சிதறிக் கிடக்கும் பந்துகளைக் குனிந்து குனிந்து பொறுக்க ஆரம்பிக்கிறார்.

அங்கே நிறுத்தினார்.

அவள் வைத்த இடத்துக்குத் திருப்பிக் கொண்டுபோகவில்லை. கோட்டை அங்கேயே விட்டுவிட்டு அணைத்தார்.

அன்றிலிருந்து கோடு அங்கேதான் நிற்கிறது. அவள் நகர்த்தவில்லை. பாஸ்வேர்டையும் மாற்றவில்லை.

காலையில் பால் காய்ச்சுவதற்கு முன்பே டிவியைப் போடுகிறார். பார்க்கிறார். அணைக்கிறார்.

மழை பிடித்துக்கொண்டது. உலர்த்த ஒன்றுமில்லை. காலிக் கொடியைச் சரிசெய்கிற சாக்கில் நானும் வந்து நிற்கிறேன்.