சாட்சி ஏறிய வண்டி

"என் தொடை மேல கால வச்சி ஏறு மாமா. இன்னாத்துக்கு யோசிக்கிற?"

ஜான்சன் ஈரத்தரையில் ஒரு முழங்காலை ஊன்றி, மறு தொடையைப் படி மாதிரி காட்டினான். சந்தியாகு அந்தத் தொடையைப் பார்த்தார். மேலே திறந்துகிடந்த கதவைப் பார்த்தார். வண்டியின் இருக்கை அவருடைய மார்பு உயரத்துக்கு இருந்தது. மழைக்காலத்தில் ஏரித்தண்ணீர் ரோட்டுக்கு வந்துவிடும் என்று ஜான்சன் தன் பிக்கப் வண்டியைப் பட்டறையில் விட்டு உயரமாகத் தூக்கி, பெரிய பெரிய டயராக மாட்டியிருந்தான். கோட்டைக்குப்பத்தில் அப்படி ஒரு வண்டி அது ஒன்றுதான்.

"இதுல மனுசன் ஏறுவானாடா? தென்ன மரம் மாதிரி கீது."

"பஸ்ஸு வர்ல. ஆட்டோ தண்ணில நின்னுடும். பத்தரைக்குள்ள பொன்னேரி கோர்ட்டுக்குப் போவணும்னா இதான் வழி."

"முட்டி வலி, வர முடியலன்னு ஒரு லெட்டர் குடுத்துட்டா?"

"போன தபாவும் அதத்தான் குடுத்த. பதினோரு வாய்தா ஆச்சு மாமா. ஏறு."

சந்தியாகு செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டார். வெறுங்காலை அவன் தொடையில் வைத்தார். ஜான்சன் இடுப்பைப் பிடித்து ஒரே மூச்சில் தூக்கி உட்காரவைத்தான்.

வண்டி தண்ணீரைக் கிழித்துக்கொண்டு கிளம்பியது.

மூன்று வருடத்துக்கு முன்னால், ஒரு விடியற்காலை. முகத்துவாரத்துக்குப் பக்கத்தில் இடுப்பளவு தண்ணீரில் நின்று சந்தியாகு வலை வீசிக்கொண்டிருந்தார். பாய்ந்து வந்த ஒரு பைபர் போட், அதே குப்பத்துத் தெய்வசிகாமணியின் சின்னப் படகை மோதிக் கவிழ்த்தது. தண்ணீரில் விழுந்தவனின் கால் இன்ஜின் விசிறியில் சிக்கியது. போட் நிற்கவில்லை. ஓட்டினவன் ஒரே ஒரு தடவை திரும்பிப் பார்த்தான். அந்த முகத்தைப் பார்த்தவர் சந்தியாகு ஒருவர்தான். போலீசிடம் அன்றைக்கே சொல்லிவிட்டார். கோர்ட்டில் கூண்டேறிச் சொல்லத்தான் மனசு வரவில்லை.

"நேத்து அந்தம்மா எங்க வூட்டாண்ட வந்து அழுதுட்டுப் போச்சுடா" என்றார். "நான் வாயத் தொறந்தா புள்ளைக்கு ஜெயிலுதான்னு வக்கீல் சொல்றாராம்."

"பெத்தவ அழத்தான் செய்வா."

"போட்ட ஓட்டுனவனே ஒத்துக்கினா, நான் எதுக்குக் கூண்டுல ஏறணும்?"

ஜான்சன் ரோட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"அவன் எங்க ஒத்துக்கறது? மொத நாளு ஜட்ஜய்யா கேட்டப்ப, வூட்டாளுங்க பேச்சக் கேட்டுக்கினு 'நான் இல்ல'ன்னுட்டான். அதுக்கப்புறம் மாத்திச் சொல்ல வாய் வர்ல. பயந்தாங்கொள்ளிப் பையன். யாராச்சும் ஒருத்தர் சொல்லி முடிச்சாத்தான் அவனுக்குத் தூக்கமே வரும்."

சந்தியாகு கதவின் கைப்பிடியைப் பற்றினார். பிறகு, "நிறுத்து. நான் எறங்கணும்" என்றார்.

வண்டி நின்றது. அவர் திரும்பி, வயிற்றை இருக்கையில் அழுத்திக்கொண்டு காலைக் கீழே தொங்கவிட்டார். தரை எங்கோ இருந்தது. கையை விட்டுச் சறுக்கிக் குதித்ததில் முட்டி சுளீரென்றது. கணுக்கால்வரை தண்ணீர்.

"நான் திரும்பிப் போறேன்டா. என்னால முடியாது."

"போ மாமா. நான் இழுத்துக்கினு போய் நிறுத்துனா அது சாட்சி இல்ல."

ஜான்சன் இன்ஜினை அணைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தான்.

சந்தியாகு பத்தடி நடந்தார். ஒவ்வொரு அடிக்கும் முட்டி வலித்தது. வலிக்கிற காலைக் குனிந்து பார்த்தார். கலங்கல் தண்ணீரில் இரண்டு காலும் நின்றுகொண்டிருந்தன. தெய்வசிகாமணிக்கு முப்பத்தைந்து வயசுகூட ஆகவில்லை. கடலுக்குப் போகிறவர்களைக் கரையிலிருந்து பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான்.

திரும்பி வந்தார். ஜான்சன் அவசரமாக இறங்கி ஓடிவந்து மறுபடியும் முழங்காலை ஊன்றினான்.

"வேணாம். நானே ஏறுறேன்."

கைப்பிடியைப் பற்றி எம்பினார். சறுக்கியது. இரண்டாவது தடவையும் சறுக்கியது. மூன்றாவது தடவை, தண்ணீரிலிருந்து படகுக்குள் தாவுகிற மாதிரி மார்பை இருக்கையில் போட்டு, உடம்பை இழுத்து, உள்ளே விழுந்தார். மூச்சு வாங்கியது. ஜான்சன் கதவைச் சாத்தினான்.

வண்டி பொன்னேரிக்குள் நுழைந்தது.

கோர்ட் வாசலில், அக்குளுக்குக் கீழே கையைக் கொடுத்து, குழந்தையை இறக்குகிற மாதிரி ஜான்சன் அவரை இறக்கிவிட்டான். செருப்பை எடுத்துக் காலருகே வைத்தான்.

"பார்த்தத மட்டும் சொல்லு மாமா. ஏத்தியும் சொல்லாத, எறக்கியும் சொல்லாத."

"உனக்கு என் மேல வருத்தம் இல்லியாடா?"

"சொல்லாம போனாத்தான் வருத்தம்."

வராந்தா பெஞ்சில் ஊன்றுகோலோடு தெய்வசிகாமணி உட்கார்ந்திருந்தான். சந்தியாகுவைப் பார்த்ததும் கையெடுத்துக் கும்பிட்டான். ஜான்சன் பக்கம் அவன் திரும்பவே இல்லை.

டவாலி வாசலுக்கு வந்து, "ஜான்சன்... ஜான்சன்... ஜான்சன்!" என்று மூன்று தடவை கூப்பிட்டார்.

சந்தியாகு பிடித்திருந்த தன் கையை மெல்ல விடுவித்துக்கொண்டு, ஜான்சன் உள்ளே போய்க் குற்றவாளிக் கூண்டில் ஏறி நின்றான்.