மலாக்கியைப் பற்றி நாலு நல்ல வார்த்தை

எங்கள் அயர்லாந்துக் கிராமத்துப் பழைய ஆட்களைப் பற்றித் தேவாலய மலரில் எழுத, பக்கத்து ஊர் ஊனா வந்திருந்தாள். விதவை அட்ராக்டா அவளைத் தோட்டத்தில் உட்காரவைத்துத் தேநீர் கொடுத்தாள்.

“மலாக்கியைப் பத்தி எழுதிக்கோம்மா. தங்கமான மனுஷன். என் வீட்டுக்காரர் படுக்கையில கிடந்தப்ப, எங்க உருளைக்கிழங்கு அத்தனையும் அவர்தான் தோண்டிக் கொடுத்தார். அப்படியொரு ஆள் இனிமே பொறந்துதான் வரணும்!”

அவள் குரல் தெருக்கோடி வரை கேட்டது. ஊனா கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

“அவர் எப்போ தவறினாருங்க?”

“தவறினாரா? நீ வேற! சுவருக்கு அந்தப் பக்கம் குத்துக்கல்லாட்டம் உக்காந்திருக்கார். என் ஆடு அவரோட முட்டைகோஸைத் தின்னதிலருந்து எங்களுக்குள்ள பேச்சில்ல. நானா போய்ப் பேசினா என் மானம் போயிடும். அதான் உன்கிட்டச் சொல்றேன்.”

சுவருக்கு அப்பால் யாரோ செருமினார்கள்.

“அட்ராக்டா! இன்னும் நாலு கோஸ் மிச்சமிருக்கு. ஆட்டைக் கூட்டிக்கிட்டு வா!”