தடால்!

"இது விமானமே இல்ல, தொட்டில்!" என்று முன்பலகையில் ஓங்கிக் குத்திச் சீறினார் மீசைக் கேப்டன்.

பைலட்டுகள் ஓட்டிப் பழகும் போலி விமானமான சிமுலேட்டருக்குள் அவர் பின்னால் நின்ற இன்ஜினீயருக்கு வியர்த்துக் கொட்டியது. அந்த மெஷின் அசல் விமானம் மாதிரியே ஓடுகிறது என்று கேப்டன் கையெழுத்துப் போட்டால்தான் புது பைலட்டுகளுக்குப் பயிற்சி தொடங்க முடியும்.

"எது சார் சரியில்ல?"

"தரையில இறங்கும்போது தடால்னு இடிக்கணும். முதுகெலும்பு குலுங்கணும். இது பூ மாதிரி உக்காருதே!"

"விமானக் கம்பெனி கொடுத்த கணக்குப்படிதான் சார்..."

"கம்பெனியாய்யா ஓட்டுது? நான் ஓட்டுறேன். எனக்குத் தெரியாதா?"

இன்ஜினீயர் கணக்கை மாற்றினார்.

"பத்தாது."

மறுபடி மாற்றினார். இந்த முறை இறங்கியபோது அவருடைய மூக்குக்கண்ணாடி தெறித்து விழுந்தது.

"ஆங்! இதான் அசல்!" கேப்டன் சந்தோஷமாகக் கையெழுத்துப் போட்டார்.

அடுத்த மாதம் அதே ரக விமானத்தில் இன்ஜினீயர் மனைவியோடு பயணம் போனார். இறங்கும் நேரம் வந்ததும், "கெட்டியாப் பிடிச்சுக்கோ" என்று அவள் கையைப் பற்றிக்கொண்டு கண்களை இறுக மூடிக்கொண்டார்.

"என்னங்க, எல்லாரும் இறங்கிப் போயிட்டாங்க. கையை விடுங்க."

திடுக்கிட்டு எழுந்து பணிப்பெண்ணிடம் ஓடினார். "ஏம்மா, இந்த விமானம் தடால்னு இடிக்குமே?"

"அது மீசைக் கேப்டன் ஓட்டினாத்தான் சார். அவர் இப்போ புதுப் பசங்களுக்குப் பாடம் எடுக்கப் போயிட்டார்."

அவசரமாகச் செல்போனைத் திறந்தார். பயிற்சி மையத்திலிருந்து செய்தி வந்திருந்தது.

"எல்லாரும் பாஸ் சார். ஒருத்தன் மட்டும் எப்படியோ பூ மாதிரி இறக்கிட்டான். கேப்டன் அவனை ஃபெயில் பண்ணிட்டார்."