மாமன் மடி

வீட்டு வாடகையைவிட மலிவு என்று பல வருடமாக சொகுசுக் கப்பலிலேயே குடியிருந்த சங்கரபாண்டி, தங்கை கோமதியின் குழந்தைக்குக் காதுகுத்து என்று தூத்துக்குடியில் இறங்கினார். ஆடாத தரை அவருக்குத் தலைசுற்றலைத் தந்தது. குழந்தையை மடியில் வைத்துப் பெஞ்சில் உட்கார்ந்தும் தள்ளாடினார். ஆசாரியால் ஊசியைக் காதுக்குக் குறிவைக்க முடியவில்லை.

"வேற மடி பாருங்கம்மா."

"எங்கண்ணன் மடியிலதான் குத்தணும்!" கோமதி அழுதேவிட்டாள்.

உறவினர் நால்வர் மாமனையும் குழந்தையையும் பெஞ்சோடு தூக்கி அலைபோல ஆட்டினார்கள். சங்கரபாண்டி சிலையாக நிமிர்ந்தார். அதே பெஞ்சில் எதிரே ஏறி உட்கார்ந்த ஆசாரிக்குக் குமட்டியது.

"இஞ்சியை மெல்லுங்க. தூரத்துல ஒரே இடத்தைப் பாருங்க," என்றார் சங்கரபாண்டி.

"தூரத்தைப் பாத்துட்டு காதை எப்படிய்யா குத்துறது?"

ஒருவழியாகக் குத்தி முடித்து ஆசாரி குதித்தோடினார். பெஞ்சை இறக்கப் போனவர்களைக் கோமதி தடுத்தாள்.

"கொஞ்சம் பொறுங்க. அண்ணன் இன்னும் சாப்பிடல."